நூறில் மூன்று

இதை எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்களிடம், அவர்கள் கேட்பதற்கு முன்னரே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை நான் எழுதியவை பாடக் குறிப்புகளும் விடுமுறை விண்ணப்பங்களும் மட்டுமே. நஸ்ஹா ஆசிரியை ஓட்டமாவடியில் என்னோடு ஒரே பாடசாலையில், ஒரே ஓய்வறையில், ஐந்து வருடங்களாகக் கடமையாற்றுபவர். அவர் என்னிடம் சொன்னதை, அவருடைய அனுமதியோடு, என்னால் இயன்ற ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். கதைக்குள் அவரை 'அவள்' என்று குறித்திருப்பதைத் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும். 'அவர்' என்று எழுதிய முதற் பிரதியில் அவருடைய அச்சம் எனக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் பற்றி எழுதியவற்றில் பிழை இருக்குமானால் அது என்னுடையது, அவருடையது அல்ல.

*

கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியேறாமல் கழிக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளுமான இத்தாவில், அது நாற்பத்து மூன்றாம் நாள். பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, குசினிச் சுவருக்கு அப்பாலிருந்து நஸ்ஹாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு மீண்டும், டிக்.

அது கடிகாரம் அல்ல, பல்லி அல்ல, குழாயிலிருந்து சொட்டும் நீரும் அல்ல என்பது கேட்ட கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வருடங்களாக மாலைதோறும் இதே சுவருக்கு அருகில் நின்று தேநீர் ஆற்றும்போது இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்; பின்னாலிருக்கும் தகரக் கொட்டிலில் ஸாஹிர் பைக்கை நிறுத்திவிட்டுச் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார், எஞ்சினின் உலோகம் சூடாறிச் சுருங்கச் சுருங்க இப்படித்தான் தனக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். அடுக்கடுக்காகக் கேட்டால் வேகமாக வந்திருக்கிறார், விட்டுவிட்டுக் கேட்டால் மெதுவாக வந்திருக்கிறார். "ஐம்பதுலதான் வந்தன்" என்று அவர் சத்தியம் செய்யும் நாட்களில், "ஒங்கட எஞ்சின் வேற கத சொல்லுதே" என்று சொல்லித் தேநீரை நீட்டுவாள்.

இப்போது சத்தம் அடுக்கடுக்காகக் கேட்டது.

அந்த எஞ்சின் ஓடி நாற்பத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

சுவரில் காதை வைத்தாள். வாவியிலிருந்து வரும் சேற்று வாசனை, கண்டல் வேர்களில் தங்கி அழுகும் இலைகளின் வாசனை, பக்கத்து வீட்டில் இறால் காயும் வாசனை ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிய ஒரு நூலைப்போல, காய்ந்த எஞ்சின் எண்ணெயின் வாசனை இருந்தது. சத்தங்களுக்கு இடையிலான நேரத்தை எண்ணினாள். இரண்டு விநாடி. மூன்று. ஐந்து. ஒன்பது. சூடான ஒரு பொருள் ஆறும்போது எப்படி ஆறவேண்டுமோ அப்படியே, சிறிதும் ஒழுங்கு தவறாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன மகள், சுவத்துல காத வச்சிட்டு நிக்கிறாய்?"

ஆயிஷா உம்மா பின்னால் நின்றிருந்தார். மகளின் இத்தா முடியும்வரை தன்னுடைய மற்றக் கடமைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவளோடு வந்து தங்கியிருந்த தாய்.

"கொட்டிலுக்க ஏதோ சத்தம் உம்மா."

"பூன குட்டி போட்டிரிக்கும். அந்தக் கறுத்தக் கடுவன்."

"கடுவன் ஆம்புளப் பூன உம்மா, குட்டி போடாது."

"போடும், போடும். இந்தக் காலத்துல எதுதான் நடக்கல்ல."

நாற்பத்து மூன்று நாட்களில் முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சத்தமும் அடங்கியிருந்தது.

*

ஸாஹிர் இறந்தது வாகரை வீதியில், காயாங்கேணியைத் தாண்டி மாங்கேணிக்கு முன்னால் வீதி நேராக நீளும் இடத்தில். ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இறுகியது. எஞ்சின் இறுகினால் பின்சில்லும் சுழலாமல் இறுகும். பின்னால் வந்த யாரோ ஒருவருடைய கைபேசியில் எல்லாம் பதிவாகி, அது ஊரெல்லாம் சுற்றியது. அதனால்தான் ஆயிஷா உம்மா மகளுடைய கைபேசியை முதல் நாளே வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நஸ்ஹா அந்தத் திறப்பைக் கேட்கவில்லை. பார்க்காததையே அவள் நாளுக்குப் பல தடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. அது ஒரு கொப்பித் தாளில் தொடங்கியது. அந்தத் தாள் அவளுடைய யோசனை.

கட்டாரில் நான்கு வருடம் கிரேன் ஓட்டிவிட்டு வந்த ஸாஹிர், ஆசைப்பட்டு வாங்கிய பைக் அது. முன்னால் குனிந்து படுத்து ஓட்டுகிற பந்தய வகை, நூற்றைம்பது சிசி. எஞ்சினைப் பெருப்பிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது வந்ததென்று தெரியாது. சொன்னபோது முடிவெடுத்துவிட்டுச் சொல்லவில்லை. அனுமதி கேட்பவரைப்போலத்தான் சொன்னார். அவருடைய தம்பி சரீப், அண்ணனைக் காக்கா என்று அழைப்பவன், சந்தியில் உள்ள கராஜ் ஒன்றில் கைதேர்ந்தவன். வேலை செய்யப்போவது அவன். அன்று மூவரும் குசினி மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். நஸ்ஹா தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'கிடைப்பது' என்றும் வலப்பக்கம் 'ஆபத்து' என்றும் எழுதினாள். இடப்பக்கத்தில் ஒரு சொல்தான் வந்தது: வேகம்.

"இப்ப சொல்லுங்க சரீப், எஞ்சினத் தோண்டினா என்னென்ன நடக்கும்?"

"சிலிண்டர்ச் சுவர் மெல்லிசாகும் மதினி. சூடு கூடும். ஹெட்டச் சீவினா அமுக்கம் கூடும், மட்டமான பெற்றோல் ஊத்தினா உள்ளுக்க தட்டும்."

"பிரேக்?"

"பிரேக் பழையதுதான்."

"வேகம் புதிசு, பிரேக் பழசு. நல்ல குடும்பம்."

ஸாஹிர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தயா சரீப், என்ட பொஞ்சாதி எஞ்சினுக்கு மாப்பிள பாக்க வந்த ஆள் மாதிரியே கேள்வி கேக்கா!"

வலப்பக்கத்தில் எட்டு வரிகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பேசினார்கள். பெரிய பிரேக் தட்டுப் போடுவது. நல்ல பெற்றோல் கிடைக்காத நாளில் பைக்கை எடுக்காமல் விடுவது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஆற்றியைப் பெரிதாக்குவது. எஞ்சின் தன் எல்லைக்குமேல் சுழலாமல் தடுக்கும் பூட்டைக் கழற்ற அவள் இறுதிவரை உடன்படவில்லை. ஸாஹிர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அதற்கும் தலையாட்டினார். ஏழு வரிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். எட்டாவது, சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி. புதிய பிஸ்டன் உலோகத்தை அடித்துச் செய்த வகை. சூட்டில் அதிகம் பருக்கும். இடம் போதாவிட்டால் ஓடும்போது சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு விடவேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் அச்சிட்டிருந்தது, ஆனால் யாருக்கும் வாசிக்க முடியாத மொழியில்.

"நாங்க கராஜில கையளவுலதான் விடுவம்" என்றான் சரீப். "பிஸ்டன உள்ளுக்க விட்டுப் பாத்தா கை சொல்லும்."

"கையளவா? ஒங்கட காக்காட உயிரக் கையளவுலயா வைக்கப் போறீங்க? இதுக்குக் கணக்கிரிக்கி சரீப்."

அவள் கணித ஆசிரியை. உயர்தரத்தில் பௌதிகவியலும் படித்தவள். உலோகம் எவ்வளவு சூடாகும், எவ்வளவு பருக்கும் என்று இரண்டு பக்கங்கள் எழுதி, அடியில் இரட்டைக் கோடிட்டு விடையை எழுதினாள். ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று.

சிலிண்டரைக் கடைந்து முடித்த அன்று சரீப் பிஸ்டனை உள்ளே விட்டு, விரலால் மெல்லத் தள்ளி, நெற்றியைச் சுருக்கினான். "என்ட கைக்கு இது கொஞ்சம் இறுக்கம் மாதிரிக் கெடக்கு காக்கா."

ஸாஹிர் அவன் முதுகில் தட்டினார். "என்ட பொஞ்சாதி கணக்குப் போட்டா பிழைக்காது. மூடு."

எட்டாவது வரியையும் வெட்டியவள் அவள்தான்.

*

நாற்பத்து ஐந்தாம் நாள் காலை சரீப் வந்து, முன்னறைத் திரைச்சீலைக்கு அப்பால் நின்றான். இத்தாவில் இருப்பவளோடு பேச வேண்டியிருந்தால் அப்படித்தான்.

"மதினி, இரிக்கீங்களா?"

"இரிக்கன் சரீப், சொல்லுங்க."

"கொட்டில்ல கொஞ்சம் வேல செய்யணும். சத்தம் வரும். ஒங்களுக்குக் கரச்சல் இல்லாட்டி..."

"நேத்தும் முந்தநாளும் அஸருக்கு வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

திரைக்கு அப்பால் ஒரு வறண்ட சிரிப்பு. "எத ஸ்டார்ட் பண்ற மதினி? எஞ்சின் எங்க இரிக்கி? பொலிஸால கொண்டு வந்த அண்டைக்கே கழட்டிட்டன். எல்லாம் துண்டு துண்டா மண்ணெண்ணெய் வாளிக்குள்ள ஊறிட்டுக் கெடக்கு. ரெண்டு வாளி."



அன்று அஸருக்குப் பிறகும் அது கேட்டது. இரண்டு வாளிகளுக்குள், குளிர்ந்த மண்ணெண்ணெயில் துண்டு துண்டாகக் கிடந்த ஓர் எஞ்சின், இப்போதுதான் வீடு வந்து சேர்ந்ததைப்போல, அடுக்கடுக்காகத் தன் சூட்டை எண்ணிக் குறைத்துக்கொண்டிருந்தது. குசினிச் சுவரில் முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் முழுவதும் குளிர்ந்திருக்க, ஓர் இடம் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றிபோல இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. பயத்தைவிட முதலில் வந்தது அழுகைதான் என்று நஸ்ஹா ஆசிரியை பின்னர் என்னிடம் சொன்னார். வந்திருக்கிறார் என்றால், ஏன் உள்ளே வரவில்லை?

*

பிழையைக் கண்டுபிடித்தது ஐம்பத்து இரண்டாம் நாள்.

நேரத்தைப் போக்குவதற்காகத்தான் அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள். தன் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தாள். சூடு சரி. பருக்கும் வீதம் சரி. பெருக்கல் சரி. மூன்றாவது தடவை பார்த்தபோது, பிஸ்டனின் அளவை எழுதியிருந்த இடத்தில் பேனை நின்றது. விட்டத்தை எடுக்க வேண்டிய இடத்தில் அவள் அதன் பாதியான ஆரையை எடுத்திருந்தாள். முழு அகலத்துக்கும் விட வேண்டியதில் பாதியைத்தான் விட்டிருந்தாள். நூறில் ஆறு விட வேண்டிய இடத்தில் நூறில் மூன்று.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் விடுகிற பிழை. எத்தனை கொப்பிகளில் எத்தனை தடவை அவள் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பாள்.

சரீபின் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கொப்பியை மூடி, தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தாள். உம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எந்தச் சொல்லில் தொடங்குவது?

*

ஐம்பத்தொன்பதாம் நாள் சரீப் மீண்டும் திரைக்கு அப்பால் வந்து நின்றான். குரல் மெலிந்திருந்தது.

"கொழும்பால புதுப் பிஸ்டன் வந்திரிக்கி மதினி. சிலிண்டரும் புதிசு. திருப்பிப் பூட்டப் போறன்."

"என்னத்துக்கு சரீப்?"

"ஊரெல்லாம் என்ட கையத்தான் பாக்காங்க. எங்கட உம்மா கூட... சோத்துக் கோப்பைய என்ட கையால வாங்க மாட்டேங்கிறா. ஒங்கட கணக்கு பிழைக்காது. அப்ப என்ட கைதான் எங்கயோ இறுக்கி வச்சிரிக்கி. அதே அளவுல, இந்தத் தரம் நூல் பிசகாம பூட்டி, அதே ரோட்டுல நான் ஓடணும். தெரிஞ்சிக்கிட்டன் எண்டா நித்திர வரும்."

பிழை அவளுடையது என்று தெரிந்தால் அவன் ஓடமாட்டான். ஒரே ஒரு வசனம் போதும். திரையின் இந்தப் பக்கத்தில் அந்த வசனம் அவள் நாக்கில் வந்து நின்றது. அப்போது உம்மா தேநீர்க் கோப்பையோடு வந்தார். சரீப் ஸலாம் சொன்னான். உம்மா அவனுடைய தாயின் நலம் விசாரித்தார். பேச்சு வேறெங்கோ போயிற்று. இடையில் குறுக்கிட்டு ஒரு மரணத்துக்குத் தானே காரணம் என்று சொல்வது எப்படி என்று அவளுக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றன் சரீப்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது நாட்கள் யோசித்தாள். அந்த ஒன்பது நாட்களும் கொட்டிலில் ஸ்பானர் சாவிகள் உரசும் ஓசையும், சுத்தியலின் மெல்லிய தட்டலும், சரீப் தனக்குத்தானே அளவுகளை முணுமுணுப்பதும் காலையில் கேட்கும். அவன் போன பிறகு, வெயில் சரிந்து தகரம் தளர்ந்து, பள்ளிவாசல் பாங்குச் சத்தம் வாவிக்கு மேலால் வந்து ஓய்ந்த பிறகு, மற்றது கேட்கும். சுவரிலிருந்த சூடான இடம் நாளுக்கு நாள் உயர்ந்தது. முழங்கால். இடுப்பு. அறுபத்தேழாம் நாள், அவள் தோளின் உயரம்.

*

அறுபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் மேசையில் அமர்ந்து கடிதம் எழுதினாள். வாயால் முடியாததைப் பேனை செய்யும் என்று நம்பினாள்.

'சரீப் அவர்களுக்கு, ஸலாம். பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளி நூறில் ஆறு. நான் அன்று தந்தது பிழை. பிழை என்னுடையது, உங்கள் கையுடையது அல்ல. தயவுசெய்து ஓட வேண்டாம். நஸ்ஹா.'

இரண்டு தடவை வாசித்தாள். ஆறு என்றுதான் இருந்தது. எழுதும்போது வலக்கை மாத்திரம் வியர்த்ததும், தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் தடம் பதிந்திருந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. அடுப்புக்கரி என்று நினைத்தாள். நான்காக மடித்து உம்மாவின் கையில் கொடுத்தாள்.

"சரீப்ட கையில நேரா குடுங்க உம்மா. வேற ஆர்ட்டயும் குடுக்காதீங்க."

"கணக்கா?"

"ஓம். கணக்கு."

மாலையில் உம்மா கொடுத்துவிட்டு வந்தார். பொடியன் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான் என்றார். அன்று அஸருக்குப் பிறகு சுவருக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. நஸ்ஹா அறுபத்தெட்டு நாட்களில் முதன்முறையாக ஒரு பிடி சோற்றை முழுதாக உண்டாள்.

*

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, மூன்று மணியளவில்.

"மதினி! இரிக்கீங்களா?"

குரலில் மகிழ்ச்சி இருந்தது. அதுதான் முதலில் அவளை உறுத்தியது.

"கடிதம் கெடச்சிச்சி மதினி. அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யணும். நேத்து இராவு நல்லா நித்திர கொண்டன். காலையில பூட்டி முடிச்சிட்டன்."

"ஆறுக்குக் கடைஞ்சீங்களா?"

"எந்த ஆறு?"

"இடைவெளி, சரீப்."

"நீங்கதானே எழுதியிரிக்கீங்க, நூறில் மூணு எண்டு."

வாசலில் வெயில். தெருவில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"அந்தத் தாளக் கொஞ்சம் தாங்க."

திரைக்கு அடியால் தாள் வந்தது. எடுத்து விரித்தாள். சூடாக இருந்தது. அவன் சட்டைப்பையின் சூடல்ல. அவளுடைய எழுத்து, அவள் மட்டுமே போடும் வளைவுகள், அவளுடைய நீல மை.

'சரீப் அவர்களுக்கு, ஸலாம். பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளி நூறில் மூன்று. நான் அன்று தந்தது சரி. பிழை யாருடையதும் அல்ல. நஸ்ஹா.'

ஓரத்தில் கறுத்த பெருவிரல் தடம். அடுப்புக்கரி அல்ல. எண்ணெய்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஸாஹிர் கோபத்தில் வரவில்லை. தம்பியைக் கொண்டுபோகவும் வரவில்லை. உயிரோடு இருந்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒன்றைக் காப்பாற்றவே வந்திருக்கிறார். அவளுக்குப் பிழை வரக்கூடாது. அவள் தலை குனியக்கூடாது. அவ்வளவுதான்.

"தாங்க மதினி, அது என்ட பொக்கட்டுல இரிக்கட்டும்." விரல்கள் திரைக்கு அடியால் வந்து தாளை மெல்ல இழுத்துக்கொண்டன. "வாறன். அஸருக்கு முந்தி வந்திருவன்."

வாயைத் திறந்தாள்.

'சரீப், அது பிழை.' சொற்கள் தயாராக இருந்தன.

உதட்டின் மேல் ஓர் உள்ளங்கை.

சூடான உள்ளங்கை. எண்ணெய் வாசனை. அழுத்தவில்லை. விருந்தாளிகள் முன்னால் அவள் அவரைக் கண்டிக்கத் தொடங்கும்போது, சிரித்துக்கொண்டே வந்து வாயைப் பொத்துவாரே, அப்படி. அதே மென்மை. அதே விரல்.

எதிரே யாருமில்லை.

கொட்டில் கதவு திறக்கும் ஓசை. சில்லுகள் மணலில் உருளும் ஓசை. எஞ்சின் உயிர்த்தது. ஒரு தடவை உறுமி அடங்கியது. மீண்டும் உறுமியது.

ஓடினாள். திரையை விலக்கினாள். முன்கதவு. கைபிடி.

சுட்டது. புகைக்குழாய்போலச் சுட்டது.

"மகள்! எங்க போறாய்? தலையில ஒண்டுமில்லாம! இன்னும் அறுபது நாள் கெடக்கு மகள்!"

உம்மா இடுப்போடு கட்டிப் பிடித்துவிட்டார். அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். கைபேசி. எடுங்கள். அழையுங்கள். உம்மாவுக்கு எப்படியோ புரிந்தது. தன் சிறிய கைபேசியை எடுத்துச் சரீபுக்கு அழைத்தார்.

மணி அடித்தது.

பின்னால், வெறும் கொட்டிலுக்குள், மேசைமேல்.

பைக் தெருமுனையைத் தாண்டியது. பிரதான வீதி. பிறகு பாலம். பாலத்தின் இணைப்புகளில் சில்லுகள் தட்டிச் செல்வது கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வடக்கு. உறுமல் மெலிந்தது. நூலானது. வாவியின் மேல் கொஞ்ச நேரம் தொங்கியது.

பிறகு இல்லை.

உதட்டிலிருந்து கை விலகியது. கன்னத்தை ஒரு தரம் தடவிவிட்டு.

"ஆறு" என்றாள் நஸ்ஹா. இப்போது சொல்ல முடிந்தது. "ஆறு உம்மா. ஆறு. ஆறு."

"என்ன மகள் ஆறு?" என்று உம்மா அழுதார்.

*

சரீபும் இறந்தது மாங்கேணிக்கு முன்னால், அதே நேர் வீதியில். எஞ்சின் இறுகிப் பின்சில்லு பூட்டியது. அந்தப் பைக்கில் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசியது. அவனுடைய சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து, கூடியிருந்த பெண்களுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்களாம். 'பிழை யாருடையதும் அல்ல' என்ற இடத்தில் சரீபின் தாய் நெஞ்சில் கை வைத்து, ஸாஹிரின் மனைவிக்கு எவ்வளவு நல்ல மனம் என்று சொன்னாராம். மகனுடைய கையில் பிழை இல்லை என்று எழுதித் தந்திருக்கிறாளே என்று.

நஸ்ஹா அவரிடம் உண்மையைச் சொல்ல மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் உதட்டின் மேல் அந்தச் சூடு வந்து படிந்தது.

இத்தா முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தாள். முதற் பாடவேளை, பத்தாம் ஆண்டு, வட்டங்கள். பிள்ளைகள் எழுந்து ஸலாம் சொல்லி, அவளுடைய முகத்தைப் பார்க்கத் தயங்கி, அமைதியாக அமர்ந்தார்கள். ஜன்னலில் காலை வெயில். வேப்பமரத்தில் அணில் ஒன்று. அவள் கரும்பலகையில் வட்டம் வரைந்து, குறுக்கே கோடிட்டு, 'விட்டம் 12' என்று எழுதினாள்.

"ஆரை எவ்வளவு?"

"ஆறு டீச்சர்" என்று நாற்பது குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

"சரி" என்றாள். வெண்கட்டியைப் பலகையில் வைத்தாள்.

வலக்கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. நகக் கண்களில் எண்ணெய். அன்பாக, அவசரமில்லாமல், எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல அவளுடைய விரல்களைப் பிடித்து நகர்த்தியது.

3.

முன்வரிசைப் பிள்ளை பலகையைப் பார்த்தாள், தன் கொப்பியைப் பார்த்தாள், மீண்டும் பலகையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். கணவனை இழந்து இன்றுதான் வந்திருக்கும் ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது? நஸ்ஹா கண்களால் கெஞ்சினாள். யாராவது சொல்லுங்கள். ஒருவராவது.

முன்வரிசைப் பிள்ளை தலையைக் குனிந்து அழிறப்பரை எடுத்தாள். பின் மற்றவர்கள். நாற்பது அழிறப்பர்கள் நாற்பது ஆறுகளை மெல்ல அழிக்கும் ஓசை அறையை நிறைத்தது. பிறகு நாற்பது பென்சில்கள், அழகாக, வரிசை பிசகாமல், அவள் எழுதியதையே எழுதின.

*

இழந்தவை, எனக்குத் தெரிந்த அளவில்:

முகம்மது ஸாஹிர், வயது முப்பத்து மூன்று.

முகம்மது சரீப், வயது இருபத்தேழு.

ஒரு தாய்க்கு, இருந்த இரண்டு பிள்ளைகளும்.

ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு தடவை.

நஸ்ஹா ஆசிரியையின் வலக்கைக்கு, ஓர் எண். இப்போது அவர் எழுதுவதையெல்லாம் மாலையில் நான் திருத்துகிறேன். சென்ற வாரம் திருத்தும்போது என் கையும் சற்றுச் சூடாக இருந்தது.